ஊசலும் உலகின் வடிவும்

நூலொன்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு கல். இதனினும் எளிய கருவி வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் இக்கருவியைக் கொண்டே மனிதன் காலத்தைச் செம்மையாக அளந்தான். தான் வாழும் நிலவுலகம் முழு உருண்டை அன்று என்பதைக் கண்டான். இமயமலையின் அடியில் மறைந்திருப்பது எத்தகையது என்பதையும் ஓரளவு உய்த்துணர்ந்தான். தச்சர் பட்டறையிலும், அறிஞர் மாடத்திலும், பனி மூடிய மலைமுகட்டிலும் ஆடிய அந்த ஊசலின் வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், தெரிந்ததினின்றும் தெரியாததற்குச் செல்க என்பது முதற்பாடம். ஆதலின் நாம் யாவரும் அறிந்த ஊஞ்சலிலிருந்தே தொடங்குவோம். ஊஞ்சலை ஒரு புறம் இழுத்து விட்டால் அது நடுநிலைக்குத் திரும்புகிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை. தான் பெற்ற விரைவினால் நடுநிலையைக் கடந்து மறுபுறம் ஏறுகிறது, ஏற ஏற விரைவு குன்றி ஒரு கணம் நிற்கிறது, மீண்டும் திரும்புகிறது. நடுநிலையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகுகிறதோ, அதற்கேற்ற அளவில் அதனைத் திரும்ப இழுக்கும் விசையும் மிகுகிறது. விலகல் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். இவ்விதிக்கு அடங்கிய அசைவையே பௌதிக நூலார் சீரிசை இயக்கம் என்பர். நீண்ட வழி செல்லவேண்டிய பொருள் பெரிய விசையால் விரைந்து செல்கிறது. குறுகிய வழி செல்லவேண்டியது சிறிய விசையால் மெல்லச் செல்கிறது. ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் தம் பயணத்தை முடிக்கின்றன. ஊசலின் சிறப்பெல்லாம் இந்த ஒரு நீதியில் அடங்கியிருக்கிறது.

இதனை முதலில் ஆராய்ந்து எழுதியவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ. பீசா நகரத்துப் பெருங்கோயிலில் ஆடிய விளக்கைக் கண்டு, தம் நாடித்துடிப்பால் அதன் அலைவை அளந்தார் என்ற கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவருடைய மாணவர் விவியானி பிற்காலத்தில் எழுதி வைத்த கதை அது. 1583ஆம் ஆண்டு நிகழ்ச்சி என்பர். ஆனால் இன்று கலிலியோவின் விளக்கு என்று அங்கே காட்டப்படுவது 1587இல் தொங்கவிடப்பட்டது. கதை எவ்வாறாயினும், 1602ஆம் ஆண்டில் கலிலியோ தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஊசலின் அலைவு காலம் மாறுவதில்லை என்பதைப் பற்றி வாதிட்டிருப்பது உறுதி. 1638இல் வெளிவந்த தம் நூலில், ஊசலின் நீளம் நான்கு மடங்கானால் காலம் இரு மடங்காகும் என்ற விதியையும் அவர் கூறினார். 25 சென்டிமீட்டர் ஊசல் ஒரு முறை சென்று திரும்ப ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும் என்றால், 100 சென்டிமீட்டர் ஊசலுக்கு இரண்டு விநாடி ஆகும். தொங்கும் குண்டு கனமானதா, இலேசானதா என்பது பற்றிக் கவலையில்லை.

கலிலியோ ஓரிடத்தில் மட்டும் அளவு கடந்து சென்றுவிட்டார். வீச்சு எவ்வளவு பெரிதாயினும் காலம் ஒன்றே என்று அவர் கருதினார். அஃது உண்மையன்று என்பதைப் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரான மெர்சென் அளந்து காட்டினார். ஐந்து பாகை வீச்சில் அலைவு காலம் இரண்டாயிரத்தில் ஒரு பங்களவே மிகும்; அறுபது பாகை வீச்சிலோ நூற்றுக்கு ஏழு பங்கு மிகும். ஊசல் வட்டத்தின் வில்லில் ஆடுவதால், விலகல் பெருகும்போது இழுவிசை அதே விகிதத்தில் பெருகுவதில்லை. அதனால்தான் இந்தப் பிழை நேர்கிறது.

இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்பது அற்பம் எனத் தோன்றலாம். ஆனால் நாள் ஒன்றுக்கு 86,400 விநாடிகள். அவற்றில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு 40 விநாடிகளுக்கு மேலாகும். கடிகாரம் செய்பவனுக்கு இது சிறிதன்று. இச்சிக்கலை அவிழ்க்க முன்வந்தவர் ஹாலந்து நாட்டுக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1656ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஊசற் கடிகாரத்தை அமைத்தார். அடுத்த ஆண்டில் ஹேக் நகரத்துக் கைவினைஞர் சாலமன் கோஸ்டர் அவ்வகைக் கடிகாரங்களைச் செய்து விற்கும் உரிமை பெற்றார். அதற்கு முன்பிருந்த கடிகாரங்கள் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிழைபட்டன. ஹைகன்ஸின் கடிகாரத்தில் அப்பிழை கால் நிமிட அளவிற்குக் குறைந்தது. மேலும் ஆராய்ந்த அவர், வட்ட வில்லுக்குப் பதிலாக, உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டில் குண்டு ஆடுமாயின் எந்த வீச்சிலும் காலம் மாறாது என்று 1659இல் கண்டார். இவ்வாராய்ச்சிகளை எல்லாம் 1673இல் பெருநூலாக வெளியிட்டார்.

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் சுருள்வில்லை ஆராய்ந்து, இழுப்பு எவ்வளவோ விசையும் அவ்வளவு என்னும் விதியை 1678இல் வெளியிட்டார். ஊசலில் ஈர்ப்பு செய்வதைச் சுருள்வில்லில் அதன் மீள்தன்மை செய்கிறது. இயக்கத்தின் இலக்கணமோ இரண்டிற்கும் ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சுருள்வில் எங்குச் சென்றாலும் தன் விசையைத் தன்னிடத்தே கொண்டு செல்கிறது. ஊசலுக்கு விசை தருவது நிலவுலகம். நிலவுலகின் இழுப்பு ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே ஊசலின் ஆட்டமும் தளர வேண்டும். இதை எதிர்பாராத வகையில் உலகிற்குக் காட்டியவர்தாம் ரிஷே என்ற பிரெஞ்சு வானூலார்.

பாரிஸ் அறிவியற் கழகம் 1672ஆம் ஆண்டில் அவரைத் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள காயென் என்ற தீவிற்கு அனுப்பியது. செவ்வாய்க் கோளைப் பாரிஸிலிருந்தும் காயெனிலிருந்தும் ஒரே காலத்தில் நோக்கி அதன் தொலைவைக் கணிப்பது அப்பயணத்தின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. பாரிஸில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரத்தை அவர் உடன் கொண்டு சென்றார். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை வடக்கேயுள்ள அத்தீவில் அக்கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்கும் மேலாகப் பின்தங்கியது. மீண்டும் சரியாக ஓடுவதற்கு ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த அளவு குறைக்க வேண்டியிருந்தது.

நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலில் மூன்று மில்லிமீட்டர்! கடற்பயணத்தில் கருவி கெட்டிருக்கலாம் என்று எண்ணி, ஊசலைத் திருத்திவிட்டு வாளா இருந்திருக்கலாம். ரிஷே அவ்வாறு செய்யவில்லை. பத்து மாத காலம், வாரந்தோறும், அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து குறித்து வைத்தார். பாரிஸ் திரும்பியபின் மீண்டும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார். நியூட்டனே தம் நூலில் இந்தப் பொறுமையைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆயினும் அறிஞர் சிலர் ஐயுற்றனர். வெப்ப நாட்டில் உலோகக் கோல் நீண்டிருக்கலாம் என்பது அவர்கள் கூறிய தடை. தடை நேர்மையானது, விடையும் கணக்கில் உண்டு. இரும்புக் கோல் ஒன்று ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் பன்னிரண்டு பங்கு நீள்கிறது. பாரிஸைவிடக் காயென் இருபது பாகை வெப்பம் மிக்கது என்று கொண்டாலும், ஒரு மீட்டர்க் கோல் கால் மில்லிமீட்டர் அளவே நீளும். ரிஷே கண்ட வேறுபாட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய ஒன்பது பங்கிற்கு வேறு காரணம் இருந்தே ஆகவேண்டும். ஆங்கில வானூலார் ஹாலியும் 1677இல் செயின்ட் ஹெலினா தீவில் தம் கடிகாரத்து ஊசலைக் குறைக்க நேர்ந்தது.

காரணத்தை விளக்கியவர் நியூட்டன். 1687இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர் கூறியதன் சாரம் இது: சுழலும் நிலவுலகம் நடுவில் பருத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருத்தல் வேண்டும். நடுக்கோட்டை அணுகியோர் மையத்திலிருந்து சற்றே விலகி நிற்கின்றனர். சுழற்சியின் வீச்சும் அங்கே மிகுதி. இவ்விரு காரணங்களாலும் அங்கே ஈர்ப்பு குறைகிறது. ஊசலும் மெல்ல ஆடுகிறது. பிரெஞ்சு அறிஞர் சிலர் உலகம் துருவப் பக்கம் நீண்டிருப்பதாக வாதிட்டனர். 1735இல் பெரு நாட்டிற்கும், 1736இல் வடகோடி லாப்லாந்திற்கும் சென்ற குழுவினர் நிலத்தை அளந்து நியூட்டன் கூற்றே மெய் என நிறுவினர். இன்றைய அளவீட்டின்படி நடுக்கோட்டின் ஆரம் 6,378 கிலோமீட்டர். துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். அந்த 21 கிலோமீட்டர் வேற்றுமை முதலில் தன்னைக் காட்டிக் கொண்டது காயெனில் குறைத்த மூன்று மில்லிமீட்டரில்தான்.

ரிஷேயின் கண்டுபிடிப்பு ஓர் ஆசையைச் சிதைக்கவும் செய்தது. ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல ஒரு விநாடி எடுத்துக் கொள்ளும் ஊசலை விநாடி ஊசல் என்பர். அதன் நீளத்தையே எல்லா நாட்டுக்கும் பொது அளவாகக் கொள்ளலாம் என்று 1790இல் பிரெஞ்சு நாட்டில் முன்மொழிந்தனர். இடத்திற்கு இடம் மாறும் ஒன்று பொது அளவாகுமா? 1791இல் அதைக் கைவிட்டு, துருவத்திற்கும் நடுக்கோட்டிற்கும் இடையேயுள்ள தொலைவின் கோடியில் ஒரு பங்கை மீட்டர் என வகுத்தனர். இங்கிலாந்து 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகத் தன் கஜக்கோலை இலண்டன் விநாடி ஊசலுடன் பிணைத்தது. 1834இல் பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையாகி மூலக் கஜக்கோல் கெட்டபோது, ஊசல் அளவீட்டில் பிழைகள் வெளிப்பட்டிருந்தமையால், பிரதிகளைக் கொண்டே புதிய கோலைச் செய்தனர்.

இலண்டன் ஊசலை அளந்த ஹென்றி கேட்டர் நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். லாம்டன் என்பார் 1802இல் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைப் பெரும்பணியில் துணைவராக இருந்தவர். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய அவர், தலைகீழாகத் திருப்பித் தொங்கவிடத்தக்க ஊசல் ஒன்றை அமைத்து 1818இல் தம் அளவீட்டை வெளியிட்டார். அவர் முறைப்படி செய்த ஊசல் ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது. அங்கே வானூலாராக விளங்கிய கோல்டிங்ஹாம் 1821ஆம் ஆண்டில் அதை ஆட்டி அளந்தார். கடிகார ஊசலும் சோதனை ஊசலும் ஒன்றை ஒன்று மறைத்துப் பொருந்தும் கணங்களைத் தொலைநோக்கியால் கண்டு, கடிகாரத்தை விண்மீன்களோடு ஒப்பிட்டு அளக்கும் முறை அது. விநாடி ஊசலின் நீளம் இலண்டனில் 39.14 அங்குலம் என்றால், சென்னையில் ஏறத்தாழ 39.03 அங்குலம் என்று ஏற்பட்டது. அக்கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் நிற்கிறது.

அடுத்த அதிகாரம் இமயத்தைப் பற்றியது. நில அளவையினர் வட இந்தியாவில் இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள தொலைவைச் சங்கிலியாலும் முக்கோணங்களாலும் கணித்தனர். விண்மீன்களைக் கொண்டும் கணித்தனர். இரு கணக்கிற்கும் ஐந்தேகால் விகலை வேறுபாடு தோன்றியது. தரையில் அது ஐந்நூறு அடிக்கு மேலாகும். இமயம் தூக்குநூல் குண்டைத் தன்பால் இழுத்ததே காரணம் என்று எண்ணிய பிராட் என்ற பாதிரியார், மலையின் பருமனைக் கணக்கிட்டுப் பார்த்தார். வேறுபாடு ஏறத்தாழ பதினாறு விகலையாக இருந்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. அப்படியாயின் அவ்வளவு பெரிய மலை ஏன் தன் முழு வலிமையோடு இழுக்கவில்லை? 1855இல் ஏய்ரி என்ற வானூலார் ஒரு விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் பெருமரக்கட்டை மேலே உயர்ந்து தோன்றினால் கீழேயும் ஆழ்ந்திருக்கும். அதுபோல மலைக்கும் அடியில் இலேசான பாறையால் ஆன வேர் உண்டு என்றார் அவர்.

இதைச் சோதிக்க ஊசலே மீண்டும் துணை வந்தது. இலண்டன் ராயல் கழகம் அளித்த இரண்டு ஊசல்களுடன் காப்டன் பசேவி என்ற பொறியாளர் 1865இல் பணி தொடங்கினார். கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து இமயச் சாரல் வரையிலும், கடலுக்கு நடுவேயுள்ள மினிக்காய்த் தீவிலும் ஊசலை ஆட்டினார். காற்று நீக்கிய கலத்திற்குள் ஊசல் ஆட, அவர் மணிக்கணக்கில் அதைக் கண்காணித்தார். கடற்கரையிலும் தீவிலும் ஈர்ப்பு மிகுந்தும், மலையை நெருங்க நெருங்க எதிர்பார்த்ததை விடக் குறைந்தும் காணப்பட்டது. உயர்ந்த மலைமீதே ஒரு முறை அளந்துவிட வேண்டும் என்று துணிந்து, 1871இல் லடாக்கிலுள்ள மோரே என்னும் மேட்டுநிலத்திற்கு அக்கருவிகளைச் சுமந்து சென்றார். உயரம் 15,000 அடிக்கு மேல். குளிரும் மெலிந்த காற்றும் அவர் உடலை வாட்டின. அவ்வாண்டு ஜூலை 17ஆம் நாள், கூடாரத்திலேயே அவர் உயிர் நீத்தார். வயது நாற்பதை எட்டவில்லை. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளோ, மலைக்கு அடியில் பொருள் செறிவு குறைவு என்பதை உணர்த்தின. எஞ்சிய பணியை ஹெவிசைட் என்ற மற்றோர் அதிகாரி நிறைவேற்றினார்.

காலத்தை அளக்கும் அரசுரிமை இன்று ஊசலிடம் இல்லை. நம் கைக்கடிகாரத்துப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 1967 முதல் விநாடியின் இலக்கணமே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என வகுக்கப்பட்டுவிட்டது. நிலவுலகின் ஈர்ப்பைச் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. ஈர்ப்புக் குறைவினால் இலங்கைக்குத் தெற்கே இந்துமாக் கடலின் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருப்பதாக அவை காட்டுகின்றன. ஆயினும் அதிர்வை எண்ணிக் காலம் காண்பதும், இழுப்பின் வேற்றுமையால் உள்ளிருப்பதை உணர்வதும் ஊசல் கற்பித்த முறைகளே.

இவ்வரலாற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிச் செய்முறை வகுப்பில் தனி ஊசலால் புவியீர்ப்பு அளவைக் காணுமாறு மாணவர்க்குச் சொல்கிறோம். பாடநூலில் 980 அல்லது 981 என்று அச்சிட்டிருக்கும். மாணவனுக்கு 972 வந்தால் அதை அழித்துவிட்டு 980 என எழுதுவான். 978 வந்தாலும் அவ்வாறே. தேர்வாளர் சிலர் விடையைப் பார்த்தே மதிப்பெண் இடுவதால் அவன் அவ்வாறு கற்றுக் கொள்கிறான். 978 பெற்ற மாணவி ஒருத்திக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டதை நானே கண்டிருக்கிறேன். சென்னையில் உண்மையான அளவு 978.3 என்பதையும், 981க்கு மேற்பட்டது இலண்டனுக்கே உரியது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறுமி அழிக்காமல் வைத்திருந்தது மெய் என்பது விளங்கும். 972 பெற்றவனும் அதை அழிக்கலாகாது. எங்கே பிழை என்று தேடுவதே அவன் கற்கவேண்டிய பாடம். நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளந்தானா, அலைவுகளை ஒன்று முதல் எண்ணினானா, சுழி முதல் எண்ணினானா என்று ஆசிரியர் உடனிருந்து கேட்டல் வேண்டும். ரிஷே பாரிஸ் அளவையே எழுதிவிட்டிருந்தால் உலகின் வடிவத்தை அறிய நாம் இன்னும் நெடுங்காலம் காத்திருந்திருப்போம்.

நேயர்கள் இல்லத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். மெல்லிய நூலில் சிறு கல்லைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுவரை சரியாக ஒரு மீட்டர் இருக்குமாறு அமையுங்கள். சிறிதளவே விலக்கி விடுங்கள். சென்று திரும்புவதை ஓர் அலைவாகக் கொண்டு நூறு அலைவுகளை எண்ணுங்கள். கவனமாகச் செய்தால் நம் நாட்டின் தென்பகுதியில் 201 விநாடிக்கு அருகில் வரும். அவ்வாறு வந்தால், முழு எண்ணாக இருக்கட்டும் என்று 200 என எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு விநாடியையும் அப்படியே குறித்து வையுங்கள்.